இஎல்84 ஆம்ப்ளிஃபையருடன் ஆறு வருடம்: எந்த வால்வு, எந்த கண்டென்சர்

ஆறு வருடமாக எங்கள் வீட்டு ஹாலில் பாட்டு ஓடுவது நானே உட்கார்ந்து சால்டர் செய்த ஒரு சிங்கிள் எண்டட் (சேனலுக்கு ஒரே பவர் வால்வு வேலை செய்கிற) வால்வு ஆம்ப்ளிஃபையரில்தான். ஸ்பீக்கரை ஓட்ட சேனலுக்கு ஒரு இஎல்84, அதற்கு முன்னால் சிக்னலைப் பெருக்க இரண்டுக்கும் பொதுவாக ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு இஇசட்81. டேட்டாஷீட் கணக்கில் சேனலுக்கு 5.7 வாட், ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) நன்றாக இருந்தால் தாராளம்.

இதுவரை மூன்று செட் இஎல்84 மாற்றிவிட்டேன். முதலில் போட்டது பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகள். அப்புறம் ரஷ்ய 6பி14பி-இவி, இப்போது ஸ்லோவாக்கியாவின் ஜேஜே. மூன்றுக்கும் சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது கேத்தோடு ரெசிஸ்டரை (வால்வில் எவ்வளவு கரண்ட் ஓடலாம் என்று வரையறுப்பது) மாற்றும்போது கேட்கிற வித்தியாசத்தைவிடக் குறைவு. ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்றால் நான் ரஷ்ய வால்வுதான் வாங்குவேன், அந்த இவி என்ற குறியே நீண்ட ஆயுள், உறுதியான கட்டுமானம் என்பதற்குத்தான். 12ஏஎக்ஸ்7 வாங்கும்போது பிராண்டைவிட மைக்ரோஃபோனிக்ஸை (அதிர்வைச் சத்தமாக்கிவிடும் குணம்) பாருங்கள். வால்யூமைக் கூட்டிவிட்டு பென்சிலால் கண்ணாடியில் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி மாதிரி ஒலிக்கும், அது வேண்டாம்.

வால்வின் ஆயுளைத் தின்றது உண்மையில் எங்கள் தெரு கரண்ட். என் டிரான்ஸ்பார்மர் பிரைமரி 220 வோல்ட்டுக்குச் சுற்றியது, ராத்திரி பத்து மணிக்கு மேல் லைனில் 245 வரும். அப்போது 6.3 இருக்க வேண்டிய ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 7 வோல்ட் ஆகிவிடுகிறது, பிளேட் (வால்வுக்குள் உயர் வோல்ட் ஏறும் தகடு) 250 என்பது 278-ஐத் தொடுகிறது. இஎல்84-இன் பிளேட் தாங்குவது 12 வாட், 250 வோல்ட் 48 மில்லிஆம்பியரிலேயே அது முழுசாகத் தீர்ந்துவிடும் என்பதால் மிச்சம் வைக்க இடமே இல்லை. ஹீட்டர் சுற்றில் 0.22 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன் (ரெக்டிஃபையருக்குத் தனி வைண்டிங்), கேத்தோடு ரெசிஸ்டரை 135-லிருந்து 180 ஓம் ஆக்கினேன். அதற்குப் பிறகு வால்வு மாற்றவே இல்லை.

சரி, கண்டென்சர். இங்கேதான் அதிகம் காசு போனது. கப்ளிங்குக்கு (ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு டிசியைத் தடுத்து பாட்டை மட்டும் கடத்த), பழைய ஸ்டாக் என்று நல்ல விலை கொடுத்து இரண்டு பேப்பர் கண்டென்சர் வாங்கினேன், 0.1 மைக்ரோஃபாரட். நாலு மாதம் இனிமையாகத்தான் பாடியது. ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது இடது இஎல்84-இன் பிளேட்டில், தகடு இணையும் சீமில் ஓரமாக, குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு மங்கின சிவப்பு. கிரிட்டில் (பாட்டு சிக்னல் வால்வுக்குள் நுழையும் முனை) மீட்டர் வைத்தால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் பிளஸ் 0.8 வோல்ட். கண்டென்சர் கசிகிறதா, வால்வு கெட்டதா என்று பிரித்தறிய, ஆஃப் செய்து வால்வைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்து அதே இடத்தில் அளந்தேன். வோல்ட் அப்படியே நின்றது, அப்போ கண்டென்சர்தான். வால்வைக் கழற்றியதும் மறைந்திருந்தால் வால்வுதான் குற்றவாளி. (வால்வு இல்லாதபோது சப்ளை வோல்ட் ஏறும், சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் 450 வோல்ட் ரேட்டிங்கில் இருக்கட்டும்.) இப்போது இருப்பது சாதாரண 630 வோல்ட் பாலிபுரொப்பிலீன், விலை ஒரு டீ பிஸ்கட் செலவு, ஐந்து வருடமாக கிரிட்டில் மீட்டர் முள் அசையவில்லை.

ஃபில்டரில் நான் செய்த தப்பு வேறு. ஹம் (கரண்டால் வரும் ரீங்காரம்) குறையட்டும் என்று ரெக்டிஃபையருக்கு அடுத்ததாக 220 மைக்ரோஃபாரட் போட்டேன், இஇசட்81-க்கு அந்த இடத்தில் 50-தான் எல்லை. ஆன் செய்ததும் உள்ளே நீலமாக ஒரு பொறி, வால்வு போச்சு. இப்போது முதலில் 47, பிறகு சோக் (ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் கம்பிச் சுருள்), அதற்கப்புறம் 100. ஹம்மும் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் தெரிகிறது. எல்லாம் 105 டிகிரி வகை, வால்விலிருந்து மூன்று விரல் தள்ளி, ஏனென்றால் சூடு பத்து டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலைட்டிக்கின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கண்டென்சருக்குக் குறுக்கே, ஆஃப் செய்தபின் தேங்கிய சார்ஜை வடியவிட, 220 கே 2 வாட் ப்ளீடர் ரெசிஸ்டர் ஒன்றும் உண்டு. இருந்தாலும் கை வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.