பாவனை நோயாளிகளும் ஆஸ்கி தேர்வும்: ஒரு திறன் ஆய்வகச் சேவையைப் பற்றிய மதிப்பீடு

எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான செயல்முறை உள்மதிப்பீட்டை இந்த முறை வெளியே, ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் திறன் ஆய்வகத்தில் நடத்தினோம். மாணவர் நிலையம் நிலையமாக நகர்ந்து, ஒவ்வொன்றிலும் குறித்த நேரத்தில் ஒரு பணியைச் செய்ய, தேர்வாளர் மதிப்பெண் போடும் செயல்முறைத் தேர்வுதான் ஆஸ்கி. அதில் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களே பாவனை நோயாளிகள். பாவனை நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிப்பது, ஆஸ்கி நிலையங்களை அமைப்பது, மதிப்பெண்களைக் கணினியில் பதிவது, முடிவில் அறிக்கை தருவது ஆகிய அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். குறைகளை அவர்களிடமே எழுத்தில் கொடுத்துவிட்டதால் மையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இத்தகைய சேவையை நாட எண்ணும் மருத்துவ, செவிலியர் கல்லூரி ஆசிரியர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், பாவனை நோயாளிகளைப் பயிற்றுவிப்பதில் நான் பார்த்தவற்றுள் இதுவே சிறந்தது. மதிப்பெண் போடும் முறை சுமார்தான். மாணவருக்குப் போய்ச் சேர வேண்டிய பின்னூட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், 150 இடங்கள் வரை உள்ள கல்லூரிக்கு 600 சதுர மீட்டரும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 800 சதுர மீட்டரும் பரப்புள்ள திறன் ஆய்வகம் வேண்டும் என்றன. நோயாளிகளையோ பாவனை நோயாளிகளையோ பரிசோதிக்கக் குறைந்தது நான்கு அறைகள் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளிலேயே இருந்தது. பரப்பளவைக் காட்டுவது எளிது. விலை உயர்ந்த மேனிக்கின் பொம்மைகளை வாங்கி வைப்பதும் பணம் இருந்தால் முடிகிற காரியம். அந்த நான்கு அறைகளில் உட்கார்ந்து, ஒரே நோயை ஒரே மாதிரி, களைப்பில்லாமல் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லக்கூடிய மனிதர்களை உருவாக்குவதில்தான் பெரும்பாலான கல்லூரிகள் தடுமாறுகின்றன. நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இல் கலிபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்களை மதிப்பிட்டார். ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து ஆஸ்கி முறையை வெளியிட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நம் கல்லூரிகள் பலவற்றில் பாவனை நோயாளி என்றால், தேர்வன்று காலையில் கையைப் பிடித்து அழைத்து வரப்படும் வார்டு உதவியாளர்தான். இந்த மையம் அந்த வழக்கத்தை முழுவதுமாகக் கைவிட்டிருக்கிறது.

இங்கே பயிற்சிக்குப் பொறுப்பாளர் நீண்ட அனுபவமுள்ள ஒரு செவிலியர். அவர் திரட்டி வைத்திருக்கும் குழுவில் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரும், முன்னாள் அங்கன்வாடிப் பணியாளரும், தையல் வேலை செய்யும் பெண்களும், நாடகக் குழுவைச் சேர்ந்த சில இளைஞர்களும் இருக்கிறார்கள். நடிக்கத் தெரிந்தவர்களைவிட, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தத் தெரிந்தவர்களையே அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார். அவர் தரும் நோயாளிக் குறிப்பு மூன்று அடுக்குகளாக எழுதப்பட்டிருக்கிறது. மாணவர் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் ஓர் அடுக்கு. ‘இன்னும் சொல்லுங்கள்’ என்பது போன்ற பொதுவான கேள்விக்குச் சொல்ல வேண்டியவை இரண்டாவது. நேராகக் கேட்டால் மட்டுமே வெளிவர வேண்டியவை மூன்றாவது. குடிப்பழக்கம், பாதியில் நிறுத்திய மாத்திரை, வீட்டில் சொல்லாமல் மறைத்த பயம் ஆகியவை இந்த மூன்றாவது அடுக்கில் இருக்கும். எந்த அடுக்கிலும் இல்லாத கேள்வி வந்தால் ‘அப்படி எதுவும் இல்லீங்க’ என்று முடித்துக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து எதையும் எடுத்துச் சேர்க்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருக்கிறார். ஒருவர் தாமாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சொல்கூட ஒரு மாணவருக்குச் சலுகையாகவும் அடுத்தவருக்கு அநீதியாகவும் முடியும் என்பதால் இந்தக் கறார் அவசியமானது.

நெஞ்சுவலி நிலையத்தில் அந்த நடத்துநரை நான் நேரில் கவனித்தேன். ‘ராத்திரி சாப்பிட்டதிலேர்ந்து வாயு பிடிச்ச மாதிரி இருக்குங்க டாக்டர், ஒரு ஜெலுசில் எழுதிக் குடுத்தீங்கன்னா போயிடுவேன்’ என்று தொடங்கினார். வலது கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைத்தபடி பேசினாரே தவிர, வலி அங்கேதான் என்று வாயால் சொல்லவில்லை. அவர் கையைப் பார்த்த மாணவி, ‘இங்கதான் வலிக்குதா ஐயா? வேற எங்கயாவது பரவுதா?’ என்று கேட்டபோதுதான் இடது தோளைத் தொட்டார். வியர்த்ததா என்று கேட்ட பிறகே சட்டை நனைந்ததைச் சொன்னார். அடுத்து வந்த மாணவர் வாயு என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு, என்ன சாப்பிட்டீர்கள், ஏப்பம் வருகிறதா, புளித்தண்ணீர் எதுக்களிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஈசிஜி பற்றிப் பேசாமலேயே அறையை விட்டு வெளியேறினார். அவரிடமும் அதே கை, அதே இடம், அதே முதல் வாக்கியம். நம் புறநோயாளிப் பிரிவுகளில் மாரடைப்பு பெரும்பாலும் வாயுத்தொல்லை என்ற பெயரில்தான் உள்ளே வருகிறது என்பதை அறிந்த ஒருவர்தான் இந்தக் குறிப்பை எழுதியிருக்க முடியும். அச்சடித்த வெளிநாட்டு நோயாளிக் கதைகளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கும் மையங்களில் இது கிடைக்காது.

மாணவர் எண்ணிக்கை காரணமாக இரண்டு சுற்றுகளை ஒரே நேரத்தில் நடத்த வேண்டியிருந்தது. ஒரே நோயை நடிக்கும் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, ஒருவர் ஒத்திகையின் காணொளியை மற்றவர் பார்க்கும்படி செய்து, குரலின் வேகம்வரை ஒன்றாக்கியிருந்தார்கள். வயிற்றுப் பரிசோதனை நிலையத்தில் நோயாளிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றினார்கள், ஏனென்றால் பதற்றத்தில் இருக்கும் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக அழுத்தினால் நலமாக இருப்பவருக்கும் உண்மையாகவே வலி வந்துவிடும். பெண் பாவனை நோயாளிகள் இருந்த அறைகளில் துணைக்கு ஒரு செவிலியர் இருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் நிலையத்தில், தேர்வு தொடங்கும் முன் பணியாளர்கள் இருவர் தனித்தனியே அளந்து உண்மை அளவைத் தேர்வாளரிடம் கொடுத்திருந்தார்கள். இடையிலும் மறுபடி அளந்தார்கள். இதைச் செய்யாத இடங்களில் மாணவர் 120/80 என்று கற்பனையாகச் சொன்னாலும் தேர்வாளரால் மறுக்க முடிவதில்லை. குழுவில் சேர வந்த ஒருவருக்கு முதல் பரிசோதனையிலேயே உயர் ரத்த அழுத்தம் தெரியவந்து, அவரை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிச் சிகிச்சை தொடங்கிய பிறகே சேர்த்துக்கொண்டதாகப் பொறுப்பாளர் சொன்னார். வேலை முடிந்த அன்றே அவர்களுக்கு ஊதியம் கொடுக்கப்பட்டதையும் பார்த்தேன். இந்த மரியாதை பணித்தரத்தில் தெரிகிறது.

பொம்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதயத்தின் முணுமுணுப்பையோ பெருத்த மண்ணீரலையோ யாரும் நடித்துக் காட்ட முடியாது என்பதால் அவற்றுக்கும், சிறுநீர்க் குழாய் செருகுவதற்கும், உயிர்மீட்பு முதலுதவிக்கும் மேனிக்கின் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. ரத்தக் குழாயில் கேனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போடும் நிலையத்தில் மட்டும் செயற்கைத் தோல் அட்டையை ஒரு மனிதரின் கையில் கட்டி, மாணவர் ஊசி போடும்போதே ‘வலிக்குமா தம்பி?’ என்று அவரைக் கேட்க வைத்திருந்தார்கள். கை மட்டும் தேர்ந்த மாணவர்களையும் கையும் பேச்சும் சேர்ந்து தேர்ந்த மாணவர்களையும் அந்த ஒரு கேள்வி பிரித்துக் காட்டியது.

இனி குறைகள். மதிப்பெண்ணைக் கைக்கணினியில் பதியும் வசதி நன்றாக இருக்கிறது. ஏதாவது ஒரு வரியை விட்டுவிட்டால் அடுத்த மாணவருக்குப் போக அது விடுவதில்லை. இடையில் இணைப்பு துண்டிக்கப்பட்டபோது ஏற்கெனவே அச்சிட்டு வைத்திருந்த தாளில் தொடர முடிந்தது. அந்த முன்யோசனைக்குப் பாராட்டு. ஆனால் அந்தத் திரையில் வரும் செக்லிஸ்ட்தான் சிக்கல். ஏழு நிமிட நிலையத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட வரிகள். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாரா, கை கழுவினாரா, புகைப்பழக்கம் கேட்டாரா, குடும்ப வரலாறு கேட்டாரா என்று ஒவ்வொன்றுக்கும் சம மதிப்பெண். இதன் விளைவாக, நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் மனப்பாடக் கேள்விகளை அடுக்கிய ஒரு மாணவர், நான்கே கேள்விகளில் மாரடைப்பைச் சந்தேகித்து உடனே ஈசிஜி கேட்ட மாணவியைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார். என் கண் முன்னால் நடந்த இதை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்ச்சியையே தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமான வரிகளுக்கு எடை கூட்ட வேண்டும், அல்லது வரிகளைக் குறைக்க வேண்டும்.

தேர்ச்சி வரம்பு அதைவிடப் பெரிய குறை. எல்லா நிலையங்களுக்கும் ஒரே 50 விழுக்காட்டை வரம்பாக வைத்திருக்கிறார்கள். கடினமான நிலையத்துக்கும் எளிதான நிலையத்துக்கும் ஒரே கோடு போட்டால் அது மாணவரின் திறனைவிட வினாவின் கடினத்தையே அளக்கும். இதற்குத் தீர்வு நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தேர்வாளர் செக்லிஸ்ட்டோடு சேர்த்து, ‘தேறவில்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறார், தேறினார்’ என்ற ஒட்டுமொத்தக் கருத்தையும் பதிவார். எல்லா மாணவர்களின் மதிப்பெண்ணையும் இந்தக் கருத்தோடு பொருத்திக் கோடு வரைந்தால், எல்லைக்கோட்டு மாணவருக்குப் பொருந்தும் மதிப்பெண் எதுவோ அதுவே அந்த நிலையத்தின் வரம்பு. பிரிட்டனில் மருத்துவராகப் பணியாற்ற நம் ஊர் மருத்துவர்கள் பலர் மான்செஸ்டருக்குப் போய் எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியில் இந்த முறைதான் பின்பற்றப்படுகிறது. அங்கே மொத்த மதிப்பெண் மட்டும் போதாது, குறைந்தபட்ச எண்ணிக்கையிலான நிலையங்களிலும் தேறியாக வேண்டும். இந்த மையத்தின் கைக்கணினி அந்த ஒட்டுமொத்தக் கருத்தைத் தேர்வாளரிடம் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைக்கிறது. ஆனால் கணக்கில் அதை எங்குமே எடுத்துக்கொள்வதில்லை. தரவு கையில் இருக்க, அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தேர்வாளர்களுக்கான முன்னோட்டக் கூட்டமும் அவசரமாக முடிந்தது. ஒரே காணொளியை எல்லோருக்கும் காட்டி, தனித்தனியே மதிப்பெண் போடச் செய்து, வேறுபாட்டை விவாதித்திருந்தால், கை இறுக்கமானவருக்கும் தாராளமானவருக்கும் இடையே உள்ள தூரம் குறைந்திருக்கும். பாவனை நோயாளிகளுக்குக் கொடுத்த பயிற்சியில் பாதியாவது தேர்வாளர்களுக்கும் தேவை.

பின்னூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆதங்கம் மேலிடுகிறது. ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் பாவனை நோயாளி, ‘இந்த மருத்துவரிடம் மறுபடி வருவேனா’ என்ற கேள்விக்குப் பதிலும் அதற்கான காரணமும் எழுதித் தருகிறார். எனக்குக் காட்டிய சில தாள்களில், ‘நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு’, ‘பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, பயம் போச்சு’ என்பன போன்ற வரிகள் இருந்தன. ஒரு மாணவர் நல்ல மருத்துவராக மாறுவதற்கு இந்த வரிகள் எந்த மதிப்பெண்ணையும்விட உதவும். எங்களுக்கு வந்த இறுதி அறிக்கையிலோ மொத்த மதிப்பெண்ணும் தரவரிசையும் மட்டுமே இருந்தன. கேட்டு வாங்கிய பிறகுதான் தாள்களும் அறைக் காணொளிகளும் வந்தன. அதற்குள் மாணவர்கள் அடுத்த பிரிவுப் பணிக்குப் போய்விட்டார்கள். காணொளிக்கு மாணவரிடமும் பாவனை நோயாளியிடமும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றிருந்ததை மட்டும் குறையில்லாமல் செய்திருந்தார்கள்.

பிற மாநிலங்களிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் தமிழ் பேசும் பாவனை நோயாளிகளிடம் திணறினார்கள். தேர்வில் அவர்களுக்குச் சலுகை தராதது சரியே, ஏனென்றால் வார்டில் அவர்கள் பார்க்கப்போவதும் இதே மனிதர்களைத்தான். ஆனால் தேர்வுக்கு முன் இதே குழுவோடு மதிப்பெண் இல்லாத ஒரு பயிற்சி அமர்வை ஏற்பாடு செய்துகொள்ளலாம். மையத்தில் அந்த வசதி இருக்கிறது, தனிக் கட்டணம் உண்டு, கேட்டால்தான் சொல்கிறார்கள். பிளாப் தேர்வுக்கோ, பிரிட்டனில் செவிலியர்களுக்கு நடக்கும் பத்து நிலைய ஆஸ்கிக்கோ தயாராகிறவர்கள் இங்கே வந்து பயனில்லை. அந்தத் தேர்வுகளின் மொழியும் சூழலும் வேறு.

அடுத்த தொகுதி மாணவர்களுக்கும் இவர்களிடமே பேசி முடித்திருக்கிறோம். செக்லிஸ்ட்டை எங்கள் துறை ஆசிரியர்கள் முன்னதாகப் பார்த்துத் திருத்துவது, தேர்ச்சி வரம்பை நிலையவாரியாகக் கணக்கிடுவது, பாவனை நோயாளியின் எழுத்துக் கருத்தை அன்று மாலையே மாணவரிடம் சேர்ப்பது ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். முதல் இரண்டுக்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவதற்குக் கூடுதல் ஆள் தேவைப்படும் என்று தயங்கியதால், அந்த வேலைக்கு எங்கள் பயிற்சி மருத்துவர்கள் இருவரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம்.