கோபியின் 8, கோபியின் 24

பெரம்பூரில் நாங்கள் பள்ளி நாட்களில் ஆடிய கூடைப்பந்து அணி மறுபடி சேர்கிறது. புது பனியனுக்கு எந்த எண் வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு இரண்டே எண்கள்தான். இரண்டும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்காக அணிந்தவை.

முதல் பத்து ஆண்டுகள் 8. அணித்தோழர் ஷகீல் ஓ'நீலோடு சேர்ந்து 2000, 2001, 2002 என வரிசையாக மூன்று கோப்பைகள். 2006 ஜனவரியில் டொராண்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 81 புள்ளிகள். துள்ளலும் பிடிவாதமுமான இளைஞனின் எண் அது. சிமெண்ட் தரையில் முட்டி தேயத் தேய நாங்களும் அப்படித்தான் ஆடினோம்.

24 வேறு. ஷகீல் இல்லாமல் 2009, 2010 கோப்பைகள். 2013-ல் குதிகால் தசைநார் அறுந்த நிலையிலும் எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டுவிட்டுத்தான் வெளியே நடந்தார். அப்புறம் அந்தக் கடைசி ஆட்டம். அங்கே 2016 ஏப்ரல் 13 இரவு, நமக்கு சித்திரை முதல் நாள் காலை. அடுப்படியில் அம்மா மாங்காய்ப் பச்சடி கிளறிக்கொண்டிருந்தார். கூடத்தில் நான் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். 37 வயதில் 60 புள்ளிகள்! "நல்ல நாளும் அதுவுமா ஏன்டா அழற?" என்று வேப்பம்பூ வாசத்தோடு அம்மா வந்து நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது.

கோப்பைக் கணக்கில் 8-தான் மேல். சரி, அது அண்ணன் மகனுக்கு. அவனுக்குப் பதினாறு வயது. எனக்கு 24 என்று சொல்லிவிட்டேன்.