அடுப்பா, மாத்திரையா, ஆர்.ஓ.வா? காலராவுக்குப் பயந்து நாங்கள் போட்ட தண்ணீர்க் கணக்கு

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். வயிற்றுப்போக்கோடு வந்தவர்களில் சிலருக்குக் காலரா உறுதியாகியிருந்தது. எங்கள் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். காலராவெல்லாம் பாட்டி காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்திருந்த எனக்கு அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது, பயத்தில்தான்.

வீட்டில் மூன்று கட்சி. "காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் வராது" என்றார் மாமியார். ஆர்.ஓ. மிஷின் இருக்க வேறு என்ன வேண்டும் என்றார் கணவர். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஒரு பட்டை குளோரின் மாத்திரையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். மூன்றையும் பார்த்துவிட்டு நான் மாத்திரைப் பக்கம் சாய்ந்தேன். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

காய்ச்சுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் காலராக் கிருமி காலி. ஆனால் ஐந்து பேருக்கு, சமையலுக்கும் சேர்த்து, நாளைக்கு 20 லிட்டர் காய்ச்சிப் பாருங்கள். 45 நாள் வரும் சிலிண்டர் எங்களுக்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆர்.ஓ.வும் அப்படித்தான், ஃபில்டரைக் காலத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால் கிருமியை வடிகட்டிவிடும். எங்களுடையதில் மாற்ற வேண்டிய தேதி தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது, அது வேறு கதை.

கிருமியை ஒழிப்பதில் மூன்றுமே கில்லாடிகள். ஒழித்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது ஒரு மஞ்சள் நிறம்.

தெருவில் குளோரின் பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர், குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டார். வெளிறிய மஞ்சள் வந்தது. "குளோரின் இருக்கும்மா." சரி, இதையும் பாருங்கள் என்று ஆர்.ஓ. தண்ணீரைக் கொடுத்தேன். சொட்டு விழுந்தும் நிறமே இல்லை. காய்ச்சி ஆறவைத்ததிலும் அப்படியே. கொதிக்கும்போது குளோரின் ஆவியாகப் போய்விடுகிறது, மிஷினுக்குள் இருக்கும் கார்பன் ஃபில்டர் அதை உறிஞ்சிவிடுகிறது. சுத்தமான தண்ணீர்தான், காவல்தான் இல்லை.

காவல் எதற்கு? எங்கள் வீட்டு அண்டாவைப் பார்த்தால் தெரியும். மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் சொம்பு. பையன் விளையாடிவிட்டு வருவான், தட்டைத் தள்ளுவான், டம்ளரைப் பிடித்த விரல் நான்கும் நனையும்படி முக்குவான். அவன் கையில் என்ன இருந்தாலும் அது இப்போது ஐந்து பேருக்கும் பொது. அரை மணி நேரம் காய்ச்சியதன் பலன் அரை நொடியில் போயிற்று. குளோரின் போட்ட தண்ணீரென்றால், மிச்சம் நிற்கும் குளோரின் அந்த விரலோடு வந்ததையும் ஒரு கை பார்க்கும். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரம் சொல்வது இதற்குத்தான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்கத்தா குடிசைப் பகுதிகளில் காலரா நோயாளி இருந்த வீடுகளில் ஓர் ஆய்வு நடத்தி 1986-ல் வெளியிட்டார்கள். சில வீடுகளுக்குக் குளோரின். சில வீடுகளுக்குக் குளோரினே இல்லாமல், கழுத்து குறுகிய மண் கூஜா மட்டும். ஒன்றும் கொடுக்காத வீடுகளில் 17.3 சதவீதம் பேருக்குத் தொற்று. குளோரின் வீடுகளில் 7.3. கூஜா வீடுகளில் 4.4! என் கட்சிக்கே எதிரான எண். கூஜாவுக்குள் கை போகாது, சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

அதனால் மாத்திரையோடு, அடியில் குழாய் வைத்த 20 லிட்டர் டிரம் ஒன்றும் வாங்கினேன். அண்டா பரணுக்குப் போனது. ராத்திரி தண்ணீர் பிடித்து, பட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மாத்திரை போட்டு மூடிவிடுவேன். அரை மணி நேரம் காத்திருந்தால் போதும், நான் காலை வரை விட்டுவிடுகிறேன், வாசமும் குறைகிறது. முதல் வாரம் "ப்ளீச்சிங் பவுடரைக் குடிக்கிற மாதிரி இருக்கு" என்று வீடே முகம் சுளித்தது. வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்க்க வேண்டும், குழாயின் உள்பக்கத்தையும் சேர்த்து. அங்கேதான் வழவழப்புப் பிடிக்கும். கலங்கல் தண்ணீரென்றால் முதலில் வடிகட்ட வேண்டும், சேறே குளோரினைத் தின்றுவிடும்.

வடிகட்டல் என்றதும் சேலை ஞாபகம் வருகிறது. வங்கதேசத்தின் மத்லாபில் பழைய சேலையை நான்காக மடித்துத் தண்ணீரை வடிகட்டியதில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003-ல் எழுதினார்கள். கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி நீர்ப்பூச்சிகள் துணியில் சிக்கிக்கொள்கின்றன. புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலைக்குத்தான் பிடிப்பு அதிகம். குளத்துத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு அருமையான யோசனை, சாக்கடை கலக்கும் நகரக் குழாய்க்கு இது போதாது.

வாய்வழித் தடுப்பு மருந்தும் இருக்கிறது. கல்கத்தாவில் பார்த்ததில் இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஐந்தாண்டுக் கணக்கில் 65 சதவீதப் பாதுகாப்பு. 1992-ல் நம் சென்னையில் முதலில் தலைகாட்டிய ஓ139 என்ற காலரா வகையையும் மனதில் வைத்துச் செய்த மருந்து அது. எங்கள் வீட்டில் யாரும் எடுத்துக்கொண்டதில்லை, அதனால் என் அனுபவம் இதில் சைபர்.

மாமியார் மட்டும் மசியவில்லை. அவர் தினமும் அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை போடுபவர். காலராக் கிருமிகளில் பெரும்பாலானவற்றை வயிற்று அமிலமே தீர்த்துவிடும், அது குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் கிருமி போனாலே போதும் என்று சொன்னதும் இன்னும் உஷாராகிவிட்டார். தன் பங்கை இன்றைக்கும் தனியாகக் காய்ச்சி, சூட்டோடு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொள்கிறார். பிளாஸ்க்குக்குள்ளும் யார் கையும் போகாது, அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை.