குளச்சல் உப்புக்காற்றும் எங்கள் ஃபிரிட்ஜ் வாரண்டியும்

குளச்சலில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். 2019-ல் நாகர்கோவிலில் ஒரு கடையில் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் வாங்கினோம். கம்பெனி வாரண்டி ஒரு வருடம், கம்ப்ரசருக்குப் பத்து வருடம். அது போக நான்கு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு 2,800 ரூபாய் தனியாகக் கட்டினேன்.

மூன்றாவது வருடம் ஒருநாள் காலையில் பார்த்தால் ஃப்ரீசரில் வைத்த சாளை மீன் உருகித் தரையெல்லாம் தண்ணீர். இரண்டு நாளில் ஆள் வந்தார், போர்டு மாற்றினார், ஒரு பைசா வாங்கவில்லை. கட்டிய பணம் அங்கேயே வசூலாகிவிட்டது, அதை மறைக்கக் கூடாது.

2023-ல்தான் வந்தது வினை. கூலிங் குறைந்துகொண்டே போனது. மெக்கானிக் பின்பக்க மூடியைக் கழற்றிப் பைப்பில் சோப்பு நுரையைத் தடவினார், துருப்பிடித்த இடத்தில் குமிழ் குமிழாக வந்தது. “கேஸ் லீக் அண்ணே. துருவுக்கு வாரண்டி கிடையாது” என்றார். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் உண்டே என்றால், அது கம்ப்ரசருக்கு மட்டும்தானாம், பைப்பும் கேஸும் கூலியும் அதில் வராதாம். வாரண்டி தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன், வாரண்டியில் வராதவை என்று பொடி எழுத்தில் போட்டதில் ‘அரிப்பு’, அதாவது துரு, இருக்கத்தான் செய்தது. கடற்கரை வீடு என்று தெரிந்து, அவர்களே வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன கடைக்காரர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். சரிவராவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்றே இருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வாரத்தில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கூலி வேண்டாம், கேஸுக்கு மட்டும் பணம் என்று முடிந்தது.

பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. கடை கொடுத்த பில்லில் எழுத்தே அழிந்துவிட்டது.

வாரண்டி முடிந்த பிறகு உள்ளூர் மெக்கானிக்தான் பார்க்கிறார். பைப்புக்கு பெயிண்ட் அடித்துத் தந்தார், மாதம் ஒருமுறை பின்பக்கம் துடைக்கிறேன், ஓடுகிறது. போன மாதம் ஏசி வாங்கப் போனபோது, துருவுக்கும் வாரண்டி உண்டு என்று எழுதித் தருவீர்களா என்று முதலிலேயே கேட்டேன். மேனேஜருக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். சரி, எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டாம் என்று சொல்லி ஏசியை மட்டும் எடுத்து வந்தேன்.