பஞ்சாப் போக நவம்பரா, மார்ச்சா?

தீபாவளி லீவிலேயே அமிர்தசரஸ் போய்விடலாமா, மார்ச் வரை பொறுக்கலாமா? சென்னையில் பலரும் கேட்கும் கேள்வி.

காற்று
நவம்பர்: மோசம். நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடையில் சில வாரங்களே இருப்பதால் வயலில் நிற்கும் தாளைக் கொளுத்துகிறார்கள். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் வந்த சட்டம் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அறுவடையும் குளிர் தொடங்கும் நேரத்துக்கு நகர்ந்தது. குளிர்காற்று தரையோடு தங்கும், புகை மேலே ஏறாது. வண்டிப்புகையும் அதோடு சேரும். நமக்குக் கடற்காற்று இருக்கிறது. போகிப் புகை ஒரு காலையோடு போய்விடும். அங்கே வாரக்கணக்கில் நிற்கும். விவசாயியை மட்டும் திட்டுவது நியாயமில்லை, முதலில் மூச்சு முட்டுவது அவருக்குத்தான்.
மார்ச்: சுத்தம் என்று சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவோ தேவலை.

பார்க்க
நவம்பர்: அறுத்த வயல், மங்கல் வானம்.
மார்ச்: கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைப் பயிர்.

குளிர்
இரண்டுமே தாங்கலாம். நவம்பர் இரவுக்கு ஸ்வெட்டர் போதும்.

வீசிங் உள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் மார்ச்தான், யோசிக்கவே வேண்டாம். லீவு நவம்பரில்தான் என்றால் திடகாத்திரமானவர்கள் போகலாம். அப்புறம், துணி மாஸ்க் நுண்துகளைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் படியும் என்95 எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை நடையை விட்டுவிட்டு, வெயில் ஏறியபின் கிளம்புங்கள்.