பிஎச்.டி. சீட் "பேசி முடித்துத்" தருகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எம்.ஏ. குற்றவியல் படித்தவன் 40,000 ரூபாய் ஏமாந்தேன் என்றால் வீட்டில் தங்கச்சியே சிரிக்கிறாள். ஆனாலும் என்னை ஏமாற்றிய ஆபீஸின் நோட்டீஸை போன வாரம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடி ஆபீஸ். அத்தான் சொல்லித்தான் போனேன். "தம்பி, நெட் பரீட்சை எழுதி மண்டையை உடைக்கணுமாக்கும்? வடக்கே நமக்கு யூனிவர்சிட்டி இருக்கு. நுழைவுத் தேர்வு கிடையாது, எல்லாமே ஆன்லைன். வேலையை விடவே வேண்டாம்" என்றார் அந்த அண்ணாச்சி. பதிவுக்கு 15,000, சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எழுதித் தர 25,000. ஜிபே-யில் அனுப்பினேன். ரசீதில் 'புராஜெக்ட் வேலை' என்று எழுதியிருந்தார்கள். அப்போதே முழித்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து சினாப்சிஸ் வந்தது. தலைப்பு, பாளை மத்திய சிறைக் கைதிகளின் மறுவாழ்வு. நான்காம் பக்கம் போனால், "போபால் மத்திய சிறையில் மாதிரி எடுக்கப்படும்"! எவனோ எழுதியதில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதிலும் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது. சேர்க்கைக் கடிதத்தில் இருந்த ஆய்வு வழிகாட்டியைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறதாம்.

அப்புறம்தான் யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிகளை எடுத்துப் படித்தேன். தொலைதூர, ஆன்லைன் வழி பிஎச்.டி.க்கு அனுமதியே இல்லை. பகுதிநேரமாகச் செய்யலாம், ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சேர்க்கை என்பது நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண் அல்லது நுழைவுத் தேர்வு, அதோடு நேர்காணல். ஒரு பேராசிரியரே ஒரே நேரத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது. அதனால் வழிகாட்டியிடம் இடம் இருக்கிறதா என்று நாமே நேரில் கேட்பதுதான் முதல் வேலை. தென்காசி ரோட்டில் பேட்டை தாண்டினால் அபிஷேகப்பட்டி. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையே இருக்கிறது. பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு நான் போபாலுக்கு வழி தேடியிருக்கிறேன்.

சண்டை போட்டதில் 10,000 திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்த நான்காம் பக்கமும் பத்திரமாக இருக்கின்றன. இதே ஆபீஸில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.