பொலேரோ பிக்கப் 2.5 டீசல்: வடசென்னை லோடுக்கு இந்த இன்ஜின் தாங்குமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் ஒன்றரை டன் சுமையை வருஷக்கணக்கில் இழுக்க வேண்டும் என்றால் நான் இன்னமும் மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசலைத்தான் எடுப்பேன். மீன், காய்கறி, தண்ணீர் கேன் என்று நாலு தெருவுக்குள் சுற்றுகிற வேலைக்கு என்றால் டீசலே வேண்டாம்.

இந்த இன்ஜின் 2,523 சிசி, நாலு சிலிண்டர். பொலேரோ காரிலும் ஒரு காலத்தில் இதே அளவு இன்ஜின்தான் ஓடியது, 2016இல் காருக்கு 1.5 லிட்டர் மூணு சிலிண்டர் வந்தது, பிக்கப் பழையபடி பெரிய இன்ஜினோடே தொடர்ந்தது. பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் 75 எச்பி, 200 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. காகிதத்தில் பார்த்தால் சப்பையாகத் தெரியும். அசோக் லேலண்டின் படா தோஸ்த் 1.5 லிட்டர் மூணு சிலிண்டரிலேயே 80 எச்பி தருகிறது, டாடா யோதா 2.2 லிட்டரில் 100 தருகிறது. ஆனால் அதே கணக்கை இன்ஜின் அளவில் லிட்டருக்கு எத்தனை எச்பி என்று போட்டுப் பாருங்கள்: பொலேரோவுக்கு 30, யோதாவுக்கு 45, படா தோஸ்துக்கு 53. ஒரு லிட்டரிலிருந்து எவ்வளவு அதிகம் பிழிகிறோமோ அவ்வளவு டர்போ அழுத்தமும் சூடும் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் தலையில்தான் விழும். அதற்காக மூணு சிலிண்டர் மோசம் என்று சொல்ல வரவில்லை, கும்மிடிப்பூண்டி தாண்டி ஹைவேயில் சீராக ஓடுகிறவருக்குச் சின்ன இன்ஜினின் மைலேஜ் நிஜமான லாபம். (லேலண்ட் ஃபேக்டரி இருக்கிற எண்ணூர்க்காரனாக இருந்துகொண்டு லேலண்டை விட்டுக்கொடுக்கிறாயே என்று கேட்பவர்களுக்கு: தோஸ்த் வருவது ஓசூரிலிருந்து.)

நம்ம ஏரியா கதை வேறு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி நியூட்ரல், இதுதான் டிரைவிங். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஆயில் மாற்றுவதற்கு கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், கையேட்டில் போட்டிருக்கிற இடைவெளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிடுங்கள். இந்த மாதிரி நகர்கிற இடத்தில் 100 எச்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிளட்சை விட்டதும் சுமையோடு வண்டி நகர்கிறதா என்பதுதான் பேச்சு. சீறிப் பாய வேண்டும், சத்தமே கேட்கக்கூடாது என்று எதிர்பார்ப்பவர் பொலேரோ பக்கம் வர வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பது எல்லாம் பிஎஸ்6. டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் லைனில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கும். அதில் சேர்கிற கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். தண்டையார்பேட்டைக்கும் மின்ட்டுக்கும் நடுவிலேயே ஓடுகிற வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? எரிக்கிற வேலை பாதியில் பாதியில் நின்றுபோகும். சில இன்ஜின்களில் இந்த எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளிக்கிற டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் போய்ச் சேரும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணியாக, டீசல் வாடையோடு இருக்கும். ஆயிலே குடிக்காத வண்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார் ஓனர், உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும். எந்த கம்பெனி வண்டி வாங்கினாலும் ஷோரூமில் டிபிஎஃப் இருக்கிறதா, புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டுமா, எச்சரிக்கை லைட் எரிந்தால் என்ன செய்வது என்று மூன்றையும் கேளுங்கள். ஏசி, மியூசிக் சிஸ்டம் எல்லாம் அப்புறம். வாரம் ஒரு தடவையாவது ஜிஎன்டி ரோட்டில் செங்குன்றம் தாண்டி ஒரு ஓட்டம் இருந்தால் டீசல் பிரச்சினை இல்லை.

அப்படி ஓட்டம் இல்லாதவர்களுக்குத்தான் பெட்ரோல், சிஎன்ஜி. மாருதி சூப்பர் கேரியில் 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் இருக்கிறது, டாடா இன்ட்ரா வி20இல் சிஎன்ஜி, பெட்ரோல் இரண்டும் ஓடும், ஒரு டன் ஏற்றலாம். டிபிஎஃப் தொல்லை கிடையாது. காசிமேட்டில் மீன் ஏற்றுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் வயரிங்கைத் தின்றுவிடும். சென்சார் சாக்கெட்டைக் கழற்றினால் பின்னில் பச்சை பூத்திருக்கும், அதற்குப் பிறகு செக் லைட் போவதும் வருவதுமாக இருக்கும். என்னுடைய முந்தைய வண்டிக்கு (கம்பெனி பேர் வேண்டாம்) இதே கதைதான், கோளாறு இன்ஜினிலே என்று ஒரு சர்வீஸ் சென்டரில் பெரிய பில் எழுதினார்கள், மூலக்கொத்தளம் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைச் சுரண்டிவிட்டு "இதுக்காண்ணே அலைஞ்சீங்க" என்றார். பொலேரோவுக்கு நான் ஓட்டுப்போட பாதிக் காரணம் இதுதான். அதைத் திறந்து பார்த்த மெக்கானிக்கும் அதன் ஸ்பேரும் வியாசர்பாடியில் தொடங்கி மீஞ்சூர் வரை கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று ஓனரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக ஓட்டை மேலேயே வையுங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. மூடி டகடகவென்று துள்ளிக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம் பிஸ்டனைத் தாண்டி ஆயில் பக்கம் கசிகிறது), போர், ரிங் வேலை வரப்போகிறது, விலையில் அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள், இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். பழைய பிஎஸ்4 வண்டி மலிவாகக் கிடைக்கிறது, டிபிஎஃப் தொல்லையும் இல்லை என்று சிலர் தேடுகிறார்கள். சரிதான், ஆனால் எட்டு வருஷம் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று), அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒன்று. கணேசபுரம் சப்வே மாதிரி இடத்தில் தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஒரே அடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், 2.5 லிட்டரோ 1.5 லிட்டரோ எல்லாவற்றுக்கும் அதே கதிதான். தள்ளி வெளியே கொண்டுவந்து, ஃபில்டரைத் திறந்து பார்த்து, நனைந்திருந்தால் டோ செய்து மெக்கானிக்கிடம் விடுங்கள்.